ஜப்பானிய ஐடல் இசைக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது?

ஜப்பானில் ஐடல் எனப்படும், மேடையில் பாடி ஆடும் இளம் நட்சத்திரங்களின் குழு ஒன்றின் பாடலைத் தற்செயலாகக் கேட்டு, அது பிடித்துப்போய், அடுத்து எதைக் கேட்கலாம் என்று தேடத் தொடங்குகிறவர் சீக்கிரமே திணறிப்போவார். குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே குழுவுக்குள் இருபது முப்பது முகங்கள் இருக்கின்றன. போதாக்குறைக்கு அந்த முகங்களும் சில ஆண்டுகளில் மாறிவிடுகின்றன. விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் அவரவர் தமக்குப் பிடித்த குழுவையே கைகாட்டுவார்கள். இக்கட்டுரையும் முடிவில் அதைத்தான் செய்யப்போகிறது. ஆனால் எந்த அளவுகோலால் அளந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், என் தேர்வோடு உடன்படாதவரும் தமக்கானதைத் தேர்ந்துகொள்ள முடியும். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்வது மார்னிங் முசுமே, ஏகேபி48, நோகிசாகா46, பெர்ஃப்யூம், மோமோய்ரோ க்ளோவர் இசட் ஆகிய ஐந்து பெண்கள் குழுக்களை. ஆண்கள் குழுக்களின் வரலாறும் ஏற்பாடுகளும் வேறு. அவற்றைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

அளவுகோல் இதுதான்: பயிற்சி முற்றுப்பெறாத குரலை அந்தக் குழுவின் இசை என்ன செய்கிறது? கொரியாவில் பாடவும் ஆடவும் பல ஆண்டுகள் பயிற்றுவித்து, தேறியவர்களையே மேடையேற்றுகிறார்கள். ஜப்பானிய ஐடல் மரபு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணைத் தேர்வு செய்து, அவள் தேறிவரும் வழியையே மக்கள் பார்க்கும்படி வைப்பது அதன் வழக்கம். ஆகவே இசையமைப்பாளரின் கைக்கு வருபவை மெலிந்த குரல்கள், நீளாத மூச்சு, அவ்வப்போது நழுவும் சுருதி. இந்தக் குறையை மறைப்பதா, பங்கிட்டுக் கொடுப்பதா, கூட்டமாகச் சேர்த்துக் கரைப்பதா, இயந்திரத்திடம் ஒப்படைப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறது. குழுவின் ஒலி என்று நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த விடையைத்தான்.

தமிழ்க் காதுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் திரைப்பாடல்களில் பல்லவி முதலில் வந்து மனத்தில் பதிந்துவிடும். பிறகு சரணங்கள் சுற்றிவந்து அதனிடமே திரும்பும். ஜப்பானியப் பாப் பாடல்களில் பெரும்பாலும் ஏ-மெலோ என்ற பகுதி தணிந்த குரலில் தொடங்கும். பி-மெலோ என்ற இரண்டாம் பகுதி எதையோ எதிர்பார்க்க வைத்து மேலே இழுத்துச் செல்லும். அதன் பிறகுதான் சாபி என்று அவர்கள் அழைக்கும் உச்சப் பகுதி வெடிக்கும். சாபியிலேயே தொடங்கும் பாடல்களும் உண்டு என்றாலும், முதல் அரை நிமிடத்தில் பொறுமை இழந்து அடுத்ததற்குத் தாவுகிறவர் பல பாடல்களில் பாடலின் உயிரையே கேட்காமல் போய்விடுவார். கடைசிச் சாபியில் சுருதி அரை நிலையோ ஒரு நிலையோ மேலேறுவதும் வழக்கம். இதைப் பழைய தந்திரம் என்று ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

ஏகேபி48-இலிருந்து தொடங்கலாம், ஏனெனில் பெரும்பாலோர் முதலில் கேள்விப்படும் பெயர் அதுதான். பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான அகிமோட்டோ யாசுஷி 2005 டிசம்பரில், தோக்கியோவின் அகிஹபாராவில், ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருந்த சிறிய அரங்கில் இதைத் தொடங்கினார். சுமார் 250 பேர் கொள்ளும் அந்த அரங்குக்கு முதல் நாள் பொதுமக்களாக வந்தவர்கள் 7 பேர் மட்டுமே என்பது ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. மேடைக்கு முன்னால் இரண்டு பெரிய தூண்கள் பார்வையை மறைத்தன. யார் முதலில் உள்ளே போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். "நேரில் போய்ச் சந்திக்கக்கூடிய ஐடல்" என்பதே குழுவின் கொள்கை. பெரிய அரங்கில் தொலைவில் நின்று பார்ப்பதற்குப் பதில், ஏறத்தாழ நாள்தோறும் ஒரே மேடையில், கையெட்டும் தூரத்தில் பார்ப்பது என்ற மாற்றம் ஐடல் என்ற கருத்தையே புரட்டிப்போட்டது.

இசையைப் பொறுத்தவரை ஏகேபி48 கண்ட விடை கூட்டம்தான். பதினாறு பேர், சில வேளைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே வரியை ஒரே சுருதியில் பாடும்போது எந்தத் தனிக்குரலின் நடுக்கமும் காதில் தட்டுவதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் எல்லாரும் சேர்ந்து பாடுவதைப் போன்ற ஒரு வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. சென்டர் எனப்படும் நடு இடத்தில் நிற்பவர் பாட்டுத் திறத்தால் அங்கு வந்தவராக இருக்க வேண்டியதில்லை. 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் நடந்த தேர்தலில், குறுந்தகடோடு கிடைத்த வாக்குச் சீட்டுகளைக் கொண்டு ரசிகர்களே அடுத்த பாடலின் வரிசையை முடிவு செய்தார்கள். 2010-இல் வென்ற ஓஷிமா யூகோ ‘ஹெவி ரொட்டேஷன்’ பாடலின் நடுவில் நின்றார். சர்ச்சை ஒன்றின் காரணமாக ஃபுக்குவோக்காவில் இருந்த எச்கேடி48 என்ற கிளைக் குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்த சஷிஹாரா ரினோ 2013-இல் முதலிடம் பிடித்து, ‘கோய் சுரு ஃபார்ச்சூன் குக்கீ’யின் நடுவில் வந்து நின்றார். எழுபதுகளின் அமெரிக்க சோல் இசையை நினைவூட்டும் அப்பாடலின் எளிய அசைவுகளை அலுவலக ஊழியர்களும் மாகாண அரசுப் பணியாளர்களும் ஆடிப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். யாரும் சேர்ந்து பாடக்கூடிய, யாரும் சேர்ந்து ஆடக்கூடிய பாடல் என்பதில் ஏகேபி48-ஐ மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இந்த இசை பாதியை ரசிகரிடம் விட்டுவைக்கிறது. முன்னிசை ஓடும்போது அரங்கே ஒரே மூச்சில் "டைகர், ஃபயர், சைபர், ஃபைபர், டைவர், வைபர்" என்று முழங்கும். அந்த முழக்கத்துக்கு மிக்ஸ் என்று பெயர். இடையிடையே உறுப்பினர் பெயரைக் கூவுவதும் உண்டு. அறையில் தனியாக, காதொலிப்பான் மாட்டிக் கேட்கிறவருக்கு அந்தப் பாதி கிடைக்காது. ஏகேபி48-ஐ ஒலிப்பதிவில் மட்டும் கேட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, திருவிழாவை வானொலியில் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

நோகிசாகா46 இதே அகிமோட்டோவின் கையால், 2011-இல், ஏகேபி48-க்கு அதிகாரபூர்வமான போட்டிக் குழு என்ற அறிவிப்போடு உருவானது. பாடல் வரிகளை எழுதுபவர் ஒருவரே, பலர் ஒருங்கே பாடும் முறையும் அதுவே. ஆயினும் ஒலி வேறு. தனக்கென்று நிரந்தர அரங்கு இல்லாத இக்குழு ஆரவாரத்துக்காக எழுதப்படாத பாடல்களை வளர்த்தது. பியானோ முன்னே வரும், வயலின்கள் பின்னே விரியும், சாபியில்கூடக் குரல் ஓங்காமல் உள்ளடங்கியே இருக்கும். 2013-இல் வந்த ‘கிமி நோ நா வா கிபோ’ என்ற பாடல் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று ஒதுங்கியிருந்த ஒருவரைப் பற்றியது; அதில் பல குரல்கள் ஒன்றாக ஒலித்தும் பாடுவது ஒரே ஆள் என்று தோன்றுவது எனக்கு எப்போதும் வியப்பு. குறையுள்ள குரல்களைக் கூட்டத்தில் கரைப்பது ஏகேபி48-இல் உற்சாகத்தைத் தருகிறது, இங்கே அது கூச்சத்தைத் தருகிறது. 2017-இல் ‘இன்ஃப்ளுயன்சர்’, 2018-இல் ‘சிங்க்ரோனிசிட்டி’ என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜப்பான் ரெக்கார்டு விருதைப் பெற்றது இக்குழு. இவற்றுள் முதலாவது லத்தீன் சாயல் கொண்ட, மின்னல் வேக ஆட்டம்; இரண்டாவது தளர்ந்த ஆடையோடு மெல்ல அசையும் பாடல். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இக்குழுவின் எல்லைகள் இரண்டும் புலப்படும். பியானோ கற்ற இக்குட்டா எரிகா போன்றோர் குழுவில் இருந்தபடியே இசைநாடக மேடைக்கும் சென்றார்கள். இதன் கிளையாக 2015-இல் தோன்றி, சிரிக்காத முகத்தோடு ‘சைலன்ட் மெஜாரிட்டி’ பாடிய கெயாகிசாகா46, 2020-இல் சகுராசாகா46 எனப் பெயர் மாறியது. இருண்ட இசையை விரும்புகிறவர் நேரே அங்கே போகலாம்.

பெர்ஃப்யூமின் விடை இயந்திரம். ஹிரோஷிமாவைச் சேர்ந்த மூன்று பெண்கள் பள்ளிப் பருவத்தில், 2000-இல் அமைத்த குழு இது. 2003-இல் நகாட்டா யாசுதாகா என்ற மின்னணு இசைக் கலைஞரின் கையில் வந்து சேர்ந்தபோது, உணர்ச்சியை ஏற்றாமல் தட்டையாகப் பாடும்படி அவர் கேட்டார். நன்றாகப் பாட வேண்டும் என்று பயின்றுவந்த பெண்களுக்கு அது உவப்பாக இருந்திருக்காது. அந்தத் தட்டையான குரலை மின்னணுக் கருவிகளில் இழைத்து, அதையும் ஓர் இசைக்கருவியாகவே அவர் மாற்றினார். 2007-இல் மறுசுழற்சி குறித்த பொதுநல விளம்பரம் ஒன்றில் ஒலித்த ‘பாலிரிதம்’ பாடல் நாடெங்கும் பரவியது. அதன் நடுவே, நான்கின் தாளத்துக்கு மேல் ஐந்தாகவும் ஆறாகவும் எண்ணப்படும் சொற்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சமத்தைத் தொலைத்துவிட்டு மீண்டும் வந்து பொருந்தும் ஒரு பகுதி உண்டு. கண்ட நடையில் கோர்வை கேட்டுப் பழகிய காதுகள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். அதே நகாட்டாவின் இசையில் 2008-இல் வந்த ‘கேம்’ என்ற தொகுப்பு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மூச்சில் கேட்கத்தக்கது. மிகிகோ அமைத்த நடனம் தனிப்பாடம்.

குறை என்னவென்றால், பெர்ஃப்யூமில் தொடங்குகிறவர் ஐடல் இசையில் தொடங்குகிறவர் ஆவாரா என்பதே ஐயம். ஒரே இசையமைப்பாளர், ஒரே நடன ஆசிரியர், மாறாத மூன்று பேர் என்பது ஐடல் உலகில் விதிவிலக்கு. ஐடல்தன்மை அவர்களிடம் மிச்சமிருப்பது பாடல்களுக்கு இடையேதான். மூவரில் ஒருவரான ஆ-சான் ஹிரோஷிமா வட்டார மொழியில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகும்போது, சற்று முன் பொம்மைபோல் அசைந்தவரா இவர் என்று தோன்றும். 2025-இன் முடிவோடு இக்குழு இடைநிறுத்தத்துக்குப் போயிருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு முழுமையான ஒரு தொகுதி கிடைக்கும். காத்திருக்கும் இன்பம் கிடைக்காது.

மோமோய்ரோ க்ளோவர் இசட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008-இல் தொடங்கி, தோக்கியோவின் யோயோகி பூங்காவையொட்டிய தெருவில் பாடி வளர்ந்த குழு இது. குறையை மறைக்காமல் ஓங்கிக் கத்துவதே இவர்களின் விடை. ஆளுக்கொரு நிறம், விளையாட்டு வீரர்களுக்குரிய தாவல்கள், மல்யுத்த மேடைபோன்ற ஆரவாரம் என்று எல்லாம் மிகை. மாயேயமாடா கெனிச்சி இசையமைத்த ‘இக்குசே! காய்தோ ஷோஜோ’ பாடலில் உறுப்பினர்களின் பெயர்கள் வரிகளுக்குள்ளேயே அழைக்கப்படுகின்றன. மொமோதா கனாகோ உடலை வில்லாக வளைத்துத் துள்ளும் இடத்துக்காகவே பலர் அதைப் பார்க்கிறார்கள். 2014-இல் பழைய தேசிய விளையாட்டரங்கில் தனி நிகழ்ச்சி நடத்திய முதல் பெண்கள் குழு இவர்கள்தான். சுருதி சுத்தம் முக்கியம் என்று நினைப்பவர் இங்கே வர வேண்டாம்.

கடைசியாக வைத்தது மார்னிங் முசுமேயை. 1997-இல் ஒரு தொலைக்காட்சித் தேர்வில் தோற்றுப்போன ஐந்து பெண்களிடம், ஷரான் க்யூ என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் ட்சுன்கு ஒரு சவால் விட்டார்: ஒரு தனிப்பாடலின் 50,000 பிரதிகளை ஐந்து நாள்களில் விற்றுக்காட்டினால் முறையான அறிமுகம் உண்டு. நான்கே நாள்களில் விற்றுத் தீர்த்தார்கள். தோற்றவர்களைக் கொண்டு தொடங்கிய குழு என்ற இந்தச் செய்தி அதன் இசையையும் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். முதல் பாடல்கள் வழக்கமான மெல்லிசைதான். 1999 செப்டம்பரில், பதின்மூன்று வயதான கோத்தோ மக்கி புதிதாகச் சேர்ந்திருந்தபோது வெளிவந்த ‘லவ் மெஷின்’ எல்லாவற்றையும் மாற்றியது. பொருளாதாரம் தளர்ந்து மக்கள் சோர்ந்திருந்த காலத்தில், டிஸ்கோ இசையோடு, ஜப்பானின் எதிர்காலத்தைப் பார்த்து உலகமே பொறாமைப்படும் என்று கூவிய அப்பாடல் 16 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இக்குழுவின் விடை பங்கீடு. ஒரு வரியை ஒருவர் தொடங்குவார், பாதியில் இன்னொருவர் பிடுங்கிக்கொள்வார், மூன்றாமவர் ஒரு சொல்லை மட்டும் செருகுவார், பிறகு எல்லாரும் சேர்ந்து முடிப்பார்கள். மெலிந்த குரலுக்கு அதனால் தாங்கக்கூடிய நான்கு சொற்களே வரும், அடித்தொண்டைக் குரலுக்கு முறைப்பான வரி வரும், மூக்கால் பாடுகிறவருக்கு அந்த மூக்கொலியே அணியாகும் வரி வரும். குறையை மறைக்காமல், அது நிறமாகத் தெரியும் இடத்தில் கொண்டுபோய் வைப்பது என்று இதைச் சொல்லலாம். ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்து உள்ளுக்குள் எண்ணியபடி பாட வேண்டும் என்பது ட்சுன்கு விடாமல் வலியுறுத்திய பாடம். நம் சதுஸ்ர நடையை அறிந்தவர்க்கு இது புதிதல்ல. ஆனால் ஐடல் பாடலில் அந்த நுண்ணிய தாளக்கட்டு ஒவ்வொரு மெய்யெழுத்தின் உச்சரிப்பிலும் தெறிப்பதைக் கேட்பது புதிது. 2012-க்குப் பிறகு மின்னணு நடன இசையோடு, பத்துப் பேர் வடிவங்களாகக் கூடிக் கலையும் ஆட்ட முறை சேர்ந்துகொண்டது. 2013-இன் ‘ஹெல்ப் மீ!!’ அதற்கு நல்ல சான்று. குரல்வளைப் புற்றுநோயால் ட்சுன்கு குரல்நாண்களை அகற்றிக்கொள்ள நேர்ந்ததை 2015 ஏப்ரலில் ஒரு பல்கலைக்கழக விழாவில் அறிவித்தார். பாடகராக இருந்தவர் பேசவும் முடியாதவரான பின்னும் இக்குழுவுக்குப் பாடல் எழுதிவருகிறார்.

மற்றொரு கூறு சோட்சுகியோ, அதாவது பட்டம் பெற்றுப் பள்ளியை விட்டுப் போவதுபோல் குழுவை விட்டு விலகும் வழக்கம். ஏகேபி48-இலும் நோகிசாகா46-இலும் அது உண்டு. ஆனால் அதை இசையின் இயல்பாகவே ஆக்கியது மார்னிங் முசுமேதான். தொடங்கிய ஐவரில் கடைசியாக இருந்த ஈதா கஓரி 2005-இல் விலகினார், குழு நிற்கவில்லை. ஒருவர் விலகினால் அவர் பாடிய நான்கு சொற்களும் வேறொருவருக்குப் போகும். புதியவர் அதே இடத்தில் வேறு விதமாக மூச்செடுப்பார், சில வேளைகளில் தடுமாறுவார். பழைய பாடலை ஆண்டுக்காண்டு கேட்டுவருகிறவருக்கு அதுவே ஒரு தொடர்கதை. 2014 முதல் குழுவின் பெயரோடு ஆண்டு எண்ணையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான் பொருத்தமாகப்படுகிறது.

இசைக்கு வெளியே பார்க்க வேண்டியவையும் சில உண்டு. ஓஷி, அதாவது தான் ஆதரிக்கும் உறுப்பினர், என்று ஒருவரைத் தேர்ந்துகொண்ட பிறகு செலவு கூடிக்கொண்டே போகும் வகையில்தான் இத்தொழில் அமைந்திருக்கிறது. கைகுலுக்கும் சீட்டுக்காக ஒரே குறுந்தகட்டைப் பத்துப் பிரதிகள் வாங்குவது ஜப்பானில் இயல்பான செய்தி. வெளிநாட்டிலிருந்து கேட்கிறவருக்கு அந்த வலையில் சிக்கும் வாய்ப்பு குறைவு என்பதை நல்லதாகவே கருதுகிறேன். அந்த நெருக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையும் சிறிதல்ல. 2014 மே மாதம் இவாத்தேயில் நடந்த கைகுலுக்கும் நிகழ்ச்சியில் ரம்பத்தோடு வந்த ஒருவன் ஏகேபி48-இன் இரு உறுப்பினர்களையும் ஊழியர் ஒருவரையும் காயப்படுத்தினான். அதற்கு முந்தைய ஆண்டு, காதல் கூடாது என்ற எழுதப்படாத விதியை மீறியதற்காக அதே குழுவின் உறுப்பினர் ஒருவர் தலையை மழித்துக்கொண்டு அழுதபடி மன்னிப்புக் கேட்ட காணொளி உலகெங்கும் பேசப்பட்டது. வளர்வதைக் காட்டி விற்கிற ஏற்பாடு வளர்ந்துவிடுவதைத் தண்டிப்பதில் உள்ள முரண், பாடல்களை எவ்வளவு விரும்பினாலும் எனக்கு உறுத்துகிறது. மோமோய்ரோ க்ளோவர் இசட்டின் தகாகி ரெனியும் மொமோதா கனாகோவும் திருமணம் செய்துகொண்ட பின்னும் குழுவில் தொடர்வது ஆறுதலான செய்தி. இது முதன்மையான அக்கறையாக இருப்பவர் அந்தக் குழுவையே தேர்ந்துகொள்ளலாம். மேலே நான் சுருதி பற்றிச் சொன்னதை மறந்துவிடலாம்.

ஆக, மின்னணு இசையும் தாளச் சிக்கலும் போதும், ஆள்களைப் பற்றிய கதை வேண்டாம் என்பவருக்கு பெர்ஃப்யூம். இரவில் தனியாகக் கேட்பதற்கு வரிகளின் பொருளைத் தேடிப் படிக்கும் பொறுமை உள்ளவருக்கு நோகிசாகா46. தோக்கியோவுக்குப் போகும் வாய்ப்பு உள்ளவருக்கும், நண்பர்களோடு சேர்ந்து கத்தவும் ஆடவும் ஆசைப்படுகிறவருக்கும் ஏகேபி48. இவற்றில் எதுவும் தீர்மானமாகத் தெரியாமல், ஐடல் இசை என்றால் என்ன என்று மட்டும் அறிய விரும்புகிறவருக்கு, தயக்கமின்றி மார்னிங் முசுமேயைச் சொல்வேன். ஒலிப்பதிவாக மட்டும் கேட்டாலும் குறைபடாத இசையும், ஆண்டுக்கணக்கில் பின்தொடரக்கூடிய ஆள் மாற்றமும் ஒருங்கே கிடைப்பது அங்கேதான்.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 1999-இன் ‘லவ் மெஷின்’ பதிவைக் கேட்டுவிட்டு, அதே பாடலை 2013 செப்டம்பரில் வெளிவந்த தொகுப்புக்காக மார்னிங் முசுமே மறுபடி பாடிய பதிவையும் உடனே கேளுங்கள். முதற்பதிவில் பாடிய எட்டுப் பேரில் ஒருவர்கூட இரண்டாவதில் இல்லை. இரண்டாவதைக் கேட்கும்போது அந்தப் பழைய எட்டுக் குரல்களும் எங்கே என்று மனம் தேடினால், உறுப்பினர் மாறாத பெர்ஃப்யூமிடம் போய்விடுவது நல்லது. மாறாக, அந்த ஒரு சொல்லை இப்போது யார் பாடுகிறார், அவர் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றினால், அந்தப் பெயரைத் தேடி எடுத்து அங்கிருந்தே தொடங்கலாம்.